இன்ஷூரன்ஸ் ஏஜெண்டு வேலை: ஏற்பதோ, மறுப்பதோ?

கல்லூரிக் கல்வி முடிவெய்துந் தறுவாயில் நிற்கும் மாணவரை நோக்கி வரும் அழைப்புக்கள் பல. அவற்றுள் எளிதிற் கிடைப்பதும், ஏற்குமுன் நெடிது ஆராயப்படாததும் ஆகிய ஒன்று உண்டு. அஃது ஆயுள் இன்ஷூரன்ஸ் பாலிசிகளை விற்று, அவ்விற்பனையின்மேல் வருங் கமிஷன் ஒன்றையே ஊதியமாகப் பெறும் ஏஜெண்டு வேலையாம். 18 வயது நிரம்பிப் பத்தாம் வகுப்புத் தேறிய எவரும், சின்னாட் பயிற்சி பெற்று ஒரு பரீட்சையில் வெற்றி யடைந்தால், இதற்குத் தகுதியுடையராவர். எம் வகுப்பினர்க்கோ இவ்வழைப்புப் பிற வகுப்பினரினும் சற்று மிகுதியாகவே வருகின்றது. தமிழ் கற்றவர் நன்கு பேசுவர் என்பது அழைப்போர் கருத்துப் போலும். தமிழ் கற்றவர்க்கு வேறு வேலை விரைவிற் கிட்டாது என்பதும் அவர் கருத்தாயிருத்தல் கூடும்.

இதனைப்பற்றி வீட்டிற் கேட்டால், "வந்ததை விடாதே" என்பார் ஒருசாரார், "அதுவும் ஒரு வேலையா?" என்று நகைப்பார் மற்றொரு சாரார். இவ்விரண்டும் ஆராய்ந்து கூறும் முடிபுகள் ஆகா. ஏஜெண்டாகச் சேர்ந்து குடும்பத்தை நன்கு நடத்திப் பிள்ளைகளைப் படிக்கவைத்தோரும் நம்மிடையே உளர். ஓராண்டிற்குள் வேலையையும் உறவினரையும் ஒருங்கே இழந்தோரும் உளர். ஆகலின் இவ்வேலையின் இயல்பு யாது, அதில் ஊதியம் எங்ஙனம் பிறக்கின்றது, யார் ஏற்றல் தகும் என்பனவற்றை ஈண்டு ஆராயப் புகுகின்றாம்.

முதற்கண் சொல்லை நோக்குவாம். ஏஜெண்டு என்பதனை இக்காலத்தார் 'முகவர்' என்று தமிழாக்கி வழங்குகின்றனர். முகம் என்னுஞ் சொல்லடியாகப் பிறந்தமையின், பிறர் ஒருவர்க்கு முகமாக நிற்பவர் என்பது அதன் பொருளாகக் கொள்ளலாம். யார்க்கு முகம் என்பதே வினா. வாங்குவோரைக் கேட்பின், "அவர் நம்ம ஆள், நமக்கு நல்லதையே சொல்வார்" என்பர். சட்டத்தைக் கேட்பின் வேறு விடை வரும். ஏஜெண்டு கம்பெனியின் பிரதிநிதி; கம்பெனியின் பொருளைக் கம்பெனியின் பொருட்டு விற்பவர். வாங்குவோர் சார்பில் நின்று பல கம்பெனிகளின் பாலிசிகளை ஒப்பிட்டுச் சொல்லுதற்கு உரியவர் இன்ஷூரன்ஸ் புரோக்கர் எனப்படுவர். அவர்க்குத் தனி உரிமமும் தனி விதிகளும் உள. தமிழிலோ 'தரகர்' என்னுஞ் சொல் இழிவாகவும் 'முகவர்' என்னுஞ் சொல் மதிப்பாகவும் ஒலிக்கின்றன. சட்டத்தின் கண்ணில் வாங்குவோர்க்குக் கடப்பாடுடையவர் தரகரே என்பது ஒரு வியப்பு. இவ்வேலையில் நேரும் இடர்களுட் பெரும்பாலன இவ்வொரு மயக்கத்தினின்றே பிறக்கின்றன. மாமா, சித்தப்பா, அத்தை என்று நாம் அழைப்போர் தம் பக்கம் நிற்பவனென்று கருதியே கையெழுத்திடுவர். நாமோ எதிர்ப்பக்கத்தின் முகமாக அவர் வீட்டிற் சென்று அமர்ந்திருப்போம்.

அங்ஙனமாயின் கமிஷன் என்பதே தீயதோ எனின், அன்று. அஃது ஏன் வேண்டப்பட்டது என்பதை அறிதற்கு ஒரு பழைய வரலாறு உதவும். 18-ஆம் நூற்றாண்டில் ஸ்காத்லாந்து திருச்சபையின் குருமார் இறந்தால் அவர்தம் மனைவியரும் மக்களும் வறுமையில் வீழ்ந்தனர். எடின்பரோ நகரக் குருமாராகிய ராபர்ட் வாலஸ், அலெக்சாந்தர் வெப்ஸ்டர் என்னும் இருவரும், ஆண்டுதோறும் எத்துணைக் குருமார் இறப்பர், எத்துணை விதவையர் எஞ்சுவர் என்று கணக்கிட்டனர். அந்நகரப் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் காலின் மக்லாரின் அக்கணக்கைச் சரிபார்த்து உதவினார். 1744-இல் பார்லிமெண்டுச் சட்டத்தின் துணையோடு அமைந்த அந்நிதி, இறப்புக் கணக்கின்மேல் எழுப்பப்பட்ட முதல் நிதிகளுள் ஒன்றாக இன்றும் பேசப்படுகின்றது. இன்ஷூரன்ஸ் செய்தல் கடவுள்மேல் நம்பிக்கைக் குறைவைக் காட்டும் என்று நம் சபைகளிற் சிலர் இன்றும் கூறுவதுண்டு. அவர்கட்கு இவ்விரு குருமாரின் செயலே தக்க விடையாகும்.

ஈண்டு நாம் கருதற்பாலது பிறிதொன்று. அந்நிதிக்கு ஏஜெண்டு எவரும் வேண்டப்படவில்லை. புதிதாகப் பணியேற்குங் குருமார் அதிற் சேர்தல் கடமையாக்கப்பட்டமையால், வீடு வீடாகச் சென்று வற்புறுத்துவோர் தேவைப்படவில்லை. கட்டாயமில்லாத இடத்திலோ நிலை வேறு. அரிசி வேண்டுவோர் கடைக்குத் தாமே செல்வர். தம் சாவைக் குறித்து ஒரு பத்திரம் வேண்டும் என்று தாமே செல்வோர் மிகச் சிலர். அடுத்த மாதம் பார்க்கலாம் என்பதே மனித இயல்பு. அவ்வியல்பை வென்று ஒருவரைக் கையெழுத்திடச் செய்தற்குப் பலமுறை நடப்போர் ஒருவர் வேண்டும். அந்நடைக்குக் கூலியே கமிஷன். கமிஷன் மண்டிக்காரர்க்கு விளைச்சல் தானே வண்டியேறி வரும். ஏஜெண்டுக்கோ எதுவும் தானாக வருவதில்லை. நம் நாட்டில் 1818-இல் கல்கத்தாவில் தோன்றிய ஓரியண்டல் கம்பெனி முதலாக, 1829-இல் சென்னை மாகாணத்தில் ஆயுள் இன்ஷூரன்ஸ் தொழிலைத் தொடங்கிய மெட்ராஸ் ஈக்விடபிள், 1906-இல் சென்னையில் எழுந்த யுனைடெட் இந்தியா முதலியன தோன்றின. அவ்வாறு தோன்றியவற்றுள் 1956-இல் இயங்கிக்கொண்டிருந்த 245 நிறுவனங்களை ஒன்றாக்கி ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷன் நிறுவப்பட்டது. அது சிற்றூர்கள்வரை சென்றமைக்கு மிதிவண்டியில் அலைந்த ஏஜெண்டுகளே பெருங் காரணம் என்பதை மறுத்தல் இயலாது. 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின் 2000 முதல் தனியார் கம்பெனிகளும் வந்தன; ஏஜெண்டுகளைத் தேடுவோர் தொகையும் அதனாற் பெருகிற்று.

இனி ஊதியத்தின் கணக்கிற்கு வருவாம். இதனை ஆற அமர ஆராய்தல் வேண்டும். அழைப்போர் மிக விரைந்து கடந்து செல்லும் பகுதி இதுவே யாதலின்.

கமிஷன் என்பது பாலிசிதாரர் செலுத்தும் பிரீமியத்தில் நூற்றுக்கு இத்துணை என வரும் பங்கு. முதலாண்டுப் பிரீமியத்தின்மேல் வரும் பங்கு பெரிது. பின்வரும் ஆண்டுகளில் வரும் புதுப்பிப்புப் பங்கு சிறிது. நெடுங்காலம் சட்டமே இதற்கு உச்சவரம்பு வகுத்து, முதலாண்டுக்கு நூற்றுக்கு 35-க்கு மேற்படலாகாது என வைத்திருந்தது. 2023 ஏப்ரல் முதல் அத்தகைய தனி வரம்புகள் நீங்கி, கம்பெனியின் மொத்தச் செலவிற்கு விதித்த எல்லைக்குள் கமிஷனும் அடங்குதல் வேண்டும் என்னும் விதி வந்தது. ஆகலின் இன்று விகிதம் கம்பெனிக்குக் கம்பெனி, பாலிசிக்குப் பாலிசி வேறுபடும். கணக்கின் பொருட்டு, முதலாண்டில் நூற்றுக்கு 25, பின்னர் நூற்றுக்கு 5 என்று வைத்துக்கொள்வாம்.

ஆண்டுக்கு 24,000 ரூபாய் பிரீமியமுள்ள ஒரு பாலிசியை விற்றால் முதலாண்டிற் கிடைப்பது 6,000 ரூபாய். அடுத்த ஆண்டு முதல் ஆண்டொன்றுக்கு 1,200 ரூபாய். மாதம் 15,000 ரூபாய் வருமானம் வேண்டுவார், முதலாண்டில் இத்தகைய பாலிசிகள் 30 விற்றல் வேண்டும். அஃதாவது பன்னிரண்டு நாட்கு ஒன்று. புதிதாகச் சேர்ந்தார் ஒருவர் மாதத்திற்கு ஒன்றாக 12 விற்றார் எனக் கொள்வாம். அஃது எளிய செயலன்று. அவர் ஆண்டு வருவாய் 72,000; மாதத்திற்கு 6,000. அதிற் பெட்ரோலுக்கும் தொலைபேசிக்கும், சென்ற இடத்திற் குடிக்கும் தேநீர்க்குமாக 2,000 கழித்தால் எஞ்சுவது 4,000 ரூபாயே. இச்செலவைக் கம்பெனி தருவதில்லை. வருங்கால வைப்புநிதியும் சம்பள விடுப்பும் இல்லை. ஏஜெண்டு கம்பெனியின் ஊழியர் அல்லர் ஆதலின்.

இத்தொகையைக் கண்டு முகஞ்சுளித்து நீங்குதலும் அறிவுடைமையன்று. ஏனெனில் இவ்வேலையின் உண்மையான ஊதியம் முதலாண்டில் இல்லை. அதே மனிதர் ஆண்டுதோறும் 12 பாலிசிகளே விற்றுவர, ஒன்றும் நின்றுபோகாமல் எல்லாருந் தவணை கட்டிவரின், பத்தாம் ஆண்டில் முந்தைய ஒன்பதாண்டுகளின் 108 பாலிசிகளிலிருந்து புதுப்பிப்புக் கமிஷன் 1,29,600 ரூபாயும், புதியன பன்னிரண்டிற்கு 72,000 ரூபாயும் ஆக, 2,01,600 ரூபாய் வரும், மாதத்திற்கு 16,800. இனி ஒவ்வோராண்டும் விற்ற பன்னிரண்டில் நான்கு, இரண்டாந் தவணை கட்டப்படாமல் நின்றுபோயின எனக் கொள்வாம். அப்பொழுது எஞ்சுவன 72; பத்தாம் ஆண்டு வருவாய் 1,58,400; மாதத்திற்கு 13,200. விற்ற தொகை ஒன்றே, நடந்த நடையும் ஒன்றே. ஆயினும் மாதந்தோறும் 3,600 ரூபாய் குறைகின்றது. அக்குறை ஏஜெண்டுக்கு, நின்றுபோன பாலிசியின் சொந்தக்காரர்க்கு நேரும் இழப்போ அதனினும் பெரிது. 2024 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, ஓராண்டுப் பிரீமியம் முழுதும் கட்டினவர்க்கும் ஆண்டு நிறைந்தபின் ஒரு சரண்டர் தொகை கிடைக்கும். முன்னர் அதுவும் இல்லை. ஆயினும் கட்டின பணம் முழுதும் திரும்பாது.

இக்கணக்கினின்று ஓர் உண்மை புலப்படும். தவணையைத் தொடர்ந்து கட்டக்கூடியவரிடத்து, அவர்க்கு வேண்டியதை விற்கும் ஏஜெண்டுக்கே நாட்செல்ல நாட்செல்ல வருவாய் வளரும். மனமின்றி வாங்கினவர் விடுவர். முடியாமல் வாங்கினவரும் விடுவர். ஆதலின் நேர்மையும் வருமானமும் பத்தாண்டுக் கணக்கில் ஒருவழிப் படுகின்றன. ஓராண்டுக் கணக்கிலோ எதிரெதிர் செல்கின்றன. பத்தாண்டு காத்திருக்கும் வசதி எவர்க்கு உண்டு என்பதே இடர்ப்பாடு. கல்விக்கடன் தலைமேல் நிற்க, தம்பி தங்கையர் பள்ளிக்குச் செல்ல, அடுத்த மாத வாடகைக்கு ஒரு பாலிசி விற்றே ஆகவேண்டும் என்னும் நிலையிலுள்ளவர், எதிரே அமர்ந்தவர்க்கு நல்லது யாது என்று நெடிது சிந்தித்தல் அரிது. அவர் தீயவர் என்பதன்று. அவ்வமைப்பு அவரை அவ்வாறு நெருக்குகின்றது.

நெருக்கும் வகைக்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுதும். முப்பது வயதுத் தனியார் பள்ளி ஆசிரியர் ஒருவர், மனைவியும் இரு சிறு மக்களும் உடையவர், ஆண்டுக்கு 24,000 ரூபாய் ஒதுக்க இயலும் என்கின்றார். சேமிப்போடு கூடிய எண்டோமெண்டு பாலிசியை அவர்க்கு விற்றால், இருபதாண்டுக் காலத்திற்கு ஏறத்தாழ ஐந்து இலட்சம் ரூபாய்க்குக் காப்புக் கிடைக்கும். சேமிப்பில்லாத டேர்ம் பாலிசி எனின், அத்தொகையிற் பாதிக்கும் குறைந்த பிரீமியத்திற்கே ஐம்பது இலட்சம் அளவிற் காப்புக் கிடைத்தல் கூடும். அவர் நாளை இறந்தால் அக்குடும்பத்திற்கு எது உதவும் என்பது வெளிப்படை. ஆயினும் பிரீமியம் குறையக் கமிஷன் தொகையும் குறையும். "கட்டின பணம் திரும்பி வராதா?" என்று அவ்வாசிரியரே கேட்பார், அக்கேள்வியைப் பிடித்துக்கொண்டு எண்டோமெண்டையே விற்றுவிடுதல் ஏஜெண்டுக்கு மிக எளிது. முப்பது நிமிடம் அமர்ந்து, சேமிப்பு வேறு காப்பு வேறு என்று விளக்கி, குறைந்த கமிஷனைப் பெற்று எழுந்து வருவதற்கு வேறு மனம் வேண்டும். எண்டோமெண்டு எவர்க்குமே ஆகாது என்று யாம் சொல்லவில்லை. கையிற் பணம் தங்காத இயல்பினர்க்குக் கட்டாயச் சேமிப்பாக அது பயன்படுவதுண்டு. விற்பவர் தம் பையை நோக்கித் தேர்ந்தாரா, வாங்குவோர் குடும்பத்தை நோக்கித் தேர்ந்தாரா என்பதே கேள்வி.

இன்னும் இரண்டு செயல்கள் இவ்வேலையில் வழக்கமாகிவிட்டமையால் குற்றமென்றே தோன்றாமல் நடைபெறுகின்றன. ஒன்று, "முதல் தவணையில் பாதியை நான் கட்டிவிடுகிறேன் மாமா, நீங்கள் கையெழுத்து மட்டும் போடுங்கள்" என்று தம் கமிஷனை வாங்குவோர்க்குப் பங்கிடுதல். 1938-ஆம் ஆண்டு இன்ஷூரன்ஸ் சட்டத்தின் 41-ஆம் பிரிவு இதனைத் தடுக்கின்றது. 2015-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி பத்து இலட்சம் ரூபாய்வரை அபராதம் விதித்தற்கு இடமுண்டு. சட்டம் ஒருபுறமிருக்க, இங்ஙனம் வாங்கப்பட்ட பாலிசி இரண்டாமாண்டில் நின்றுபோதலே இயல்பு. உழைத்த கூலியையும் கொடுத்துவிட்டுப் புதுப்பிப்பையும் இழப்பதனால் ஏஜெண்டுக்கு எஞ்சுவது, கம்பெனிக் கணக்கில் ஓர் எண் மட்டுமே.

மற்றொன்று இதனினுங் கொடிது. விண்ணப்பத்தாளில் உடல்நிலை பற்றிய வினாக்கள் உள. வாங்குவோர் தமக்குச் சர்க்கரை நோய் உண்டென்று வாயாற் சொல்லுவர். எழுதும் பேனாவோ ஏஜெண்டின் கையில் இருக்கும். "அதையெல்லாம் எழுதினால் மெடிக்கல் கேட்பார்கள், நாளாகும்" என்று 'இல்லை' என எழுதிவிடுவதுண்டு. சட்டத்தின் 45-ஆம் பிரிவின்படி, பாலிசி தொடங்கி மூன்றாண்டு கடந்தபின் அதனைக் கம்பெனி கேள்விக்குள்ளாக்க இயலாது. அம்மூன்றாண்டிற்குள் அவர் இறந்துவிட்டாலோ, உண்மையை மறைத்தார் என்று காட்டித் தொகையை மறுத்தல் கூடும். அன்று அத்தாளைக் கையிற் பிடித்துக்கொண்டு நிற்பவர் இறந்தவரின் மனைவி. எழுதினவன் யான் அல்லேன் என்று சொல்ல இறந்தவர் வாரார். ஒரு வாரத் தாமதத்திற்கு அஞ்சி எழுதிய ஒரு சொல் ஒரு குடும்பத்தின் சோற்றைப் பறித்துவிடும். இவ்வேலையை ஏற்பார், எத்துணை நெருக்கடியிலும் அவ்வொரு வரியை மட்டும் உள்ளவாறே எழுதும் உறுதி தமக்கு உண்டா என்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளல் வேண்டும்.

நூறு பெயர்ப் பட்டியலைப் பற்றியும் கூறவேண்டும். ஏஜெண்டாகச் சேர்ந்தவுடன் பயிற்சியிற் கொடுக்கப்படும் முதல் வேலை, தமக்குத் தெரிந்த நூறு பேரின் பெயரை எழுதித் தருதல். உறவினர், அண்டை வீட்டார், பள்ளித் தோழர், ஆசிரியர், சபையார் எல்லாரும் அதில் வருவர். இதிற் பிழையொன்றும் இல்லை; கடை திறப்போரும் முதலில் தெரிந்தவரையே அழைப்பர். ஆனால் நூறு பெயரும் தீர்ந்தபின் என்ன என்பதை அப்பயிற்சியில் எவரும் விளக்குவதாகத் தெரியவில்லை. சேர்த்துவிட்டவர்க்குக் கணக்கு வேறு. அவர் பத்துப் பேரைச் சேர்த்து, ஒவ்வொருவரும் தத்தம் உறவினர் ஐவர்க்கு விற்றுவிட்டு நீங்கினாலும், ஐம்பது பாலிசிகள் அவர் கணக்கில் ஏறும். பின்னர் வேறு பத்துப் பேரைச் சேர்ப்பார். ஏஜெண்டுக்குச் சம்பளமில்லை யாதலின், அவர் சோர்ந்து விலகினாலுங் கம்பெனிக்கு இழப்புச் சிறிது. சேர்த்தல் எளிதாயிருத்தற்குக் காரணம் இதுவே. 'உடனே வேலை' என்று கிடைப்பதனை நம் தகுதிக்குக் கிடைத்த பாராட்டென்று மயங்குதல் ஆகாது. நம் உறவினரின் தொகைக்குக் கிடைத்த மதிப்பாகவும் அஃது இருக்கலாம்.

சபையைப் பற்றி நம்மவர் தனியே எண்ணுதல் நன்று. ஞாயிறு ஆராதனை முடிந்து கோயில் வாயிலிற் கைகுலுக்கி நலம் உசாவும் வேளையில், உசாவுவோன் பையிற் பாலிசித்தாள் உண்டு என்று ஒருமுறை தெரிந்துவிட்டால், பின்னர் அவன் கேட்கும் எந்நலமும் நலமாகக் கேட்காது. வாலிபர் சங்கச் செயலராக இருப்பவர் மறுக்கமாட்டாத மூத்தோரிடம் சென்று விற்றல், தம் பதவியையே விற்றலாகும். அதற்காகச் சபையார் ஒருவர்க்கும் விற்கலாகாது என்றுங் கூறோம். அவர்களே வினவி வந்தால், வீட்டிற்குச் சென்று வேலைநாளிற் பேசலாம். கோயில் வளாகத்திற்குள் அப்பேச்சை எடுப்பதில்லை என்று தொடக்கத்திலேயே தமக்கு வரையறை செய்துகொண்ட ஏஜெண்டு ஒருவரை யாம் அறிவோம். இருபதாண்டிற்கு மேலாக அவர் இத்தொழிலில் நிலைத்திருக்கின்றார். சபையிற் சாவு நேர்ந்தால், அவரிடம் பாலிசி எடாதார் வீட்டாரும் அவரையே அழைத்து, இறப்புச் சான்றிதழ் எங்கே வாங்குவது, நாமினியின் வங்கிக் கணக்கு எங்ஙனம் காட்டுவது என்று கேட்கின்றனர். அவரும் தம் பைக்கு ஒரு காசும் வாராத அப்படிவங்களை அமர்ந்து எழுதித் தருகின்றார்.

இவ்வேலையின் சிறந்த பகுதி அத்தகைய நாட்களில் உளது. எரியூட்டியோ அடக்கஞ்செய்தோ வந்த வீட்டில், பெரும் பணம் எண்ணிப் பாராத ஒரு பெண்மணியின் கணக்கில் முழுத்தொகை வந்து சேரச் செய்தல் சிறு தொண்டன்று. விற்ற நாளிற் கிடைத்த கமிஷனைவிட அந்நாளையே பெரிதாகக் கருதும் இயல்பினர் நம்முள் இருப்பின், அவர் இதனை இழிவென்று தள்ளற்க. கூச்சமின்றி அறியாதார் வீட்டுக் கதவைத் தட்டுதல், பத்து மறுப்பைக் கேட்டும் பதினோராவது வீட்டில் முகமலர்ந்து பேசுதல், கணக்கிற் சோம்பாமை என்பனவும் வேண்டும். மறுப்பை அவமதிப்பாகக் கொள்வார்க்கு இஃது ஆகாது. எம்மிற் சிலர்க்கு ஆகாமைக்கு அவ்வொன்றே போதிய காரணம்.

இனி, பொருள்நிலை. வீட்டில் வேறொருவர் வருமானம் இருந்து, இரண்டு மூன்றாண்டு தம் ஊதியத்தை எதிர்பாராமல் இருக்கக்கூடியவர் இதனை முழுநேர வேலையாக ஏற்கலாம். அங்ஙனமல்லாதார், சிறிதாயினும் நிலையான சம்பளமுள்ள வேறொரு வேலையிற் சேர்ந்து, விதிகள் இடந்தருமாயின், இதனைப் பகுதிநேரமாகத் தொடங்குதல் தக்கது. வாடகைக்கு அஞ்சி விற்கும் நெருக்கடி அதனால் நீங்கும். பெண்மக்கட்கு ஓர் இடைவழி அண்மையில் அமைந்துளது. 2024 டிசம்பரில் தொடங்கப்பட்ட பீமா சகி என்னுந் திட்டத்தில், ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷன் பெண் ஏஜெண்டுகட்குக் கமிஷனோடு, முதலாண்டில் மாதம் 7,000, இரண்டாமாண்டில் 6,000, மூன்றாமாண்டில் 5,000 ரூபாய் உதவித்தொகை தருகின்றது. குறித்த அளவு பாலிசி விற்றலும் அவை நின்றுபோகாமற் காத்தலும் அதற்கு நிபந்தனைகள். தொகை ஆண்டுதோறும் குறைந்து வருவதை நோக்கின், புதுப்பிப்புக் கமிஷன் வளரும்வரை ஏந்திநிற்கும் முட்டுக்கோலாக அஃது எண்ணப்பட்டமை விளங்கும். முதல் மூன்றாண்டே இவ்வேலையின் கொலைக்களம் என்பதைக் கம்பெனியே ஒப்புக்கொண்டது போலும் இஃது.

சம்பளமும் உண்டு, விற்பனைக் குறியளவும் உண்டு என்று வரும் வேறுவகை அழைப்புக்களை இதனோடு மயக்கலாகாது. அவற்றிற் சிலவற்றில், குறித்த அளவு விற்காதார் சம்பளமே நிறுத்தப்படும் என்னும் வாசகம் நியமனக் கடிதத்தின் பின்பக்கத்திற் காணப்படும். 'மேலாளர் பதவி' என்னும் விளம்பரத்தைக் கண்டு சென்றவர், அங்கு ஏஜெண்டு பரீட்சைக்குப் பெயர் பதியப்பெற்று மீண்ட செய்தியும் எம் விடுதியிற் புதிதன்று. கடிதத்தில் 'நியமனம்' என்றிருப்பினும், அஃது ஊழியராக நியமித்தலா, ஏஜெண்டாக நியமித்தலா என்று தெளிதல் வேண்டும். இரண்டிற்கும் தமிழில் ஒரே சொல் வழங்குதல் அழைப்போர்க்கு வாய்ப்பாகின்றது.

அழைப்பு வந்தார், விடை சொல்லுமுன் அழைத்தவரிடம் சில செய்திகளைக் கேட்டு எழுதிக்கொள்ளல் நலம். எந்தப் பாலிசிக்கு எவ்வாண்டு என்ன விகிதம் என்பதை வாய்மொழியாக அன்றிக் கம்பெனித் தாளிற் காட்டச் சொல்லவேண்டும். வாங்கினவர் முப்பது நாட்குள் பாலிசியை வேண்டாவென்று திருப்பினால், பெற்ற கமிஷன் திரும்பப் பிடிக்கப்படும் என்பதையும் அறிந்துகொள்ளவேண்டும். ஆண்டிற்குக் குறைந்தது எத்துணை விற்காவிடின் ஏஜென்சி நீங்கும், நீங்கினால் முன்விற்ற பாலிசிகளின் புதுப்பிப்புக் கமிஷன் தொடருமா என்று கேட்கவேண்டும். இறுதியாக, மூன்றாண்டிற்கு முன் அவருக்குக் கீழ்ச் சேர்ந்தவர் எத்துணைப் பேர், அவருள் இன்றும் இவ்வேலையிலிருப்பவர் எத்துணைப் பேர் என்று கேட்டு, இருப்பவருள் ஒருவரையும் விலகினவருள் ஒருவரையும் தனித்தனியே நேரிற் கண்டு பேசி வரவேண்டும். அவ்விருவர் பெயரையுந் தர அவர் தயங்குவாராயின், நூறு பெயர்ப் பட்டியலை அவர்க்கு எழுதித் தருதற்கு நாமும் தயங்கலாம்.